சண்முகத்தாய் டீச்சருக்குப் பின்னால் வந்த வயல்

மாடக்கண்ணு அயர்லாந்தில் கார் ஓட்டப் போன கதையைக் கோவில்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், ஆனால் எல்லோரும் ஆடுகளில் இருந்து ஆரம்பிப்பார்கள், அது தப்பு. சோற்றில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். சோற்றுக்கும் முன்னால் அந்த இரண்டாவது பிரேக்கில் இருந்து ஆரம்பிக்க வேண்டும், ஏனென்றால் அது இல்லாவிட்டால் ஒரு வயல் ரோட்டில் நடந்து வந்தாலும் வந்திருக்கும், அதன் மேல் ஒரு டிரைவிங் ஸ்கூல் முதலாளி சிவப்புத் துண்டோடு உட்கார்ந்து வந்திருக்க மாட்டார்.

டிரைவிங் ஸ்கூல் கார்களில் கற்றுக்கொடுப்பவர் உட்காரும் இடது பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மாடக்கண்ணு தன் வாழ்நாளின் நல்ல பகுதியை அதன் மேல் கால் வைத்தே கழித்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள், மீதிப் பாதிப் பேர் அந்தப் பாதிப் பேரைக் கண்டால் ஓரமாக ஒதுங்குகிறவர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது சாம்பார் வாளியோடு ஒருவன் வேகமாக வந்தால்கூட அவர் கால் தானாகத் தரையை அமுக்கும். வீட்டுக் காரிலும் அந்த இரண்டாவது பிரேக்கைப் பொருத்தியிருந்தார்.

அவர் மனைவி சண்முகத்தாய், நடுநிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்த டீச்சர். லைசென்ஸ் வாங்கிய அன்றைக்கே காரை வெளியே எடுத்தார், மாடக்கண்ணு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார், தெருமுனைப் பிள்ளையார் கோவில் வருவதற்குள் நாய்க்கு ஒரு தடவை, சைக்கிளுக்கு ஒரு தடவை, ஒன்றுமே இல்லாததற்குப் பல தடவை என்று பிரேக்கை அமுக்கித் தள்ளினார். டீச்சர் காரை ஓரங்கட்டி, சாவியை அதிலேயே விட்டுவிட்டு, இறங்கி வீட்டுக்கு நடந்து போனார். அதற்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. ஆனால் லைசென்ஸை மட்டும் காலாவதியாக விடாமல் புதுப்பித்துப் புதுப்பித்து, பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்திருந்தார்.

டப்ளினில் வேலை பார்க்கும் மகள் ஷர்மிளா ஒரு ஜூலை மாதம் இரண்டு பேரையும் வரவழைத்து, சின்னதாக ஒரு காரை வாடகைக்கு எடுத்து, டிபன் கேரியரில் புளிச்சோறும் கட்டிக் கொடுத்து, அவசரமே இல்லாமல் மேற்குக் கரையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அனுப்பி வைத்தாள். டிரைவர் பெயர் கேட்ட இடத்தில் அப்பா பெயரோடு அம்மா பெயரையும் சேர்த்திருந்தாள்.

"அவ பேரு எதுக்குளா?" என்றார் மாடக்கண்ணு.

"சும்மா கெடக்கட்டும்ப்பா," என்றாள் மகள்.

மேற்கே போகப் போக ரோடு ஒடுங்கிக்கொண்டே வந்தது. இரண்டு பக்கமும் சாந்து வைக்காத கல் சுவர், நடுவில் தலை வகிடு மாதிரிப் புல், முழங்கை முழங்கையாக வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் மாடக்கண்ணு ஹாரன் அடித்தார். எதிரே வந்த ஒவ்வொரு டிரைவரும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரே ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்கள். நம் ஊரில் ஒருவன் விரல் காட்டினால் டயரில் காற்று இல்லை, கதவு சாத்தவில்லை, அல்லது சேலை வெளியே தொங்குகிறது என்று அர்த்தம். ஆகவே மாடக்கண்ணு ஒவ்வொரு விரலுக்கும் வண்டியை நிறுத்தி, இறங்கி, நாலு டயரையும் உதைத்துப் பார்த்துவிட்டு ஏறினார். அந்த வேகத்தில் போனால் ஊர் போய்ச் சேர ராத்திரி ஆகும் என்று சொல்லிவிட்டு, ஒரு புல்வயலின் ஓரத்தில் டீச்சர் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தார்.

சின்ன வயல்தான். நாலு பக்கமும் கல் சுவர், மூலையில் ஒரு முள்மரம், நீலச் சாயம் பூசிய ஒரு இரும்பு கேட், இரண்டு செம்மறி ஆடு. டீச்சர் வீட்டில் தினமும் செய்வதைப்போல முதல் கவளத்தை உருட்டிச் சுவர் மேல் வைத்து, கா கா என்று கூப்பிட்டார். நம் ஊர்க் காக்காவுக்குச் சாம்பல் நிறம் கழுத்தோடு நின்றுவிடும், அந்த ஊர்க் காக்கா குளிருக்கு ஸ்வெட்டரே போட்டிருந்தது. அது வந்து தின்றது. பிறகு இவர்கள் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், அந்தத் தண்ணீரை டீச்சர் முள்மரத்தின் தூரில் ஊற்றி "நீயும் குடி" என்று சொன்னார். சொன்னார் என்பது டீச்சரின் கட்சி. மாடக்கண்ணு கேட்கவில்லை, அவர் டயரை உதைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வளைவு தாண்டியதும் கண்ணாடியைப் பார்த்தார்.

"ஏ சண்முகம், பின்னாடி என்னமோ வருது."

"என்ன வண்டி?"

"வண்டி இல்ல. புஞ்சை."

டீச்சர் திரும்பிப் பார்த்தார். டவுன் பஸ்ஸில் நெரிசலுக்குள் போகிற பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்வதைப்போல அந்த வயல் தன் சுவர்களை ஒடுக்கிக்கொண்டு, ரோட்டின் அகலத்துக்குத் தன்னை நீட்டிக்கொண்டு, முள்மரம் ஆட, கேட் கடகடக்க, ஆடுகள் இரண்டும் அசைபோட்டபடி நிற்க, நிதானமாக வந்துகொண்டிருந்தது.

"ஆமா, நாம சாப்பிட்ட எடந்தான்," என்றார் டீச்சர். "ஒரு வாய் சோறு போட்டா எதுதான் பின்னாடி வராது? நீங்க ரோட்டைப் பாருங்க."

அன்று தங்கிய ஊருக்குப் பாலிஸ்கா என்று பெயர். தங்கும் விடுதியின் சொந்தக்காரி பிரீடா வாசலுக்கு வந்து காரைப் பார்த்தார், வயலைப் பார்த்தார், ஆடுகளை எண்ணினார். அந்த ஊர்க்காரர்கள் பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் அதை இழுத்து, பாடி, நடுவில் நாலு பேரின் குடும்பக் கதையையும் சேர்த்துப் பேசியதைக் கேட்டால் கோவில்பட்டிப் பேச்சாகத்தான் இருந்தது என்று டீச்சர் சொல்வார், நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன்.

"வயலும் கூட வருதுன்னு போன்ல சொல்லலையே அக்கா," என்றார் பிரீடா. "சொல்லியிருந்தா கொல்லைப் பக்கம் ஒதுக்கியிருப்பேன். இப்ப எதுத்தாப்புலதான் எடம் இருக்கு. ராத்திரி ஆடு கத்துமா?"

"தெரியலியே," என்றார் டீச்சர்.

"கத்துனா கத்திட்டுப் போவுது. டீ குடிக்கீங்களா?"

டீ குடிக்கும்போது மாடக்கண்ணு அந்த விரல் விஷயத்தைக் கேட்டார். பிரீடா சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. "அது வணக்கம் அண்ணாச்சி. எதுக்க வாரவுகளுக்கு வணக்கம் சொல்லுதோம். ஒரு விரலுக்கு மேல தூக்குனா சொந்தக்காரங்கன்னு நெனச்சிருவாங்க." வழியெல்லாம் ஒரு ஊரே தனக்கு வணக்கம் சொல்லியிருக்க, தான் டயரை உதைத்துக்கொண்டிருந்ததை நினைத்து மாடக்கண்ணுவுக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

பாலிஸ்கா அந்த வயலை இப்படித்தான் ஏற்றுக்கொண்டது: மதுக்கடையில் இருந்த பெரியவர்கள், இதெல்லாம் ஒரு விஷயமா என்று, தங்கள் அப்பா காலத்தில் ஒரு சதுப்பு நிலம் அடுத்த ஊர்க் கல்யாணத்துக்குப் போய் மூன்றாம் பந்தியில் உட்கார்ந்துவிட்டு வந்ததையும், ஒரு கோடையில் கடலுக்குக் குளிக்கப் போன குன்று வெட்கப்பட்டுப் பாதி வழியில் திரும்பியதையும் நினைவுபடுத்திக்கொண்டார்கள். பாதிரியார் பூசை முடிந்ததும், வயல் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைக் கோவில் வாசலை மறித்து நிறுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளோடு அதன் மேல் பந்து விளையாட்டு நடந்தது. உள்ளூர் அணி பந்தோடு ஓடும்போதெல்லாம் வயல் அந்தப் பக்கமாக லேசாகச் சரிந்துகொடுத்தது என்று வெளியூர் அணி சண்டை பிடித்தது, சரியவில்லை என்று உள்ளூர் அணி சத்தியம் செய்தது, சரிந்தது உண்மை. வயலோ காலையில் எழுந்து டீச்சர் எங்கே போகிறாரோ அங்கே போனது. கடற்கரைக்குப் போனார்கள், வந்து மணலில் படுத்துக்கொண்டது. பாழடைந்த கோட்டைக்குப் போனார்கள், வெளியே காத்திருந்தது. மாடக்கண்ணு ஹாரன் அடித்தால் மட்டும் பயந்து, சுவரில் இருந்து ஒன்றிரண்டு கல்லை உதிர்த்தது. அதற்காகவே அவர் ஹாரனை விட்டார், டாக்டர் சொல்லி விடுவதைப்போல, முணுமுணுப்போடு.

விவசாயிகளுக்குத்தான் உள்ளூர ஒரு உதறல். அவரவர் வயலைக் காலங்காலமாக அறுத்தார்கள், மேய்த்தார்கள், அதற்கென்று யாராவது எதையாவது வைத்தார்களா என்று ஒருவர் மதுக்கடையில் கேட்டுவிட்டார், அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கோப்பையைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் காலையில் ஊர் முழுக்கச் சுவர்களின் மேல் ரொட்டித் துண்டும், கேக்கின் ஓரமும், ஒரு கஞ்சன் வீட்டுச் சுவரில் டீத்தூளும் இருந்தன. யாரும் யாரையும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்த வட்டாரத்துக் காக்காக்கள் பறக்க முடியாமல் நடந்து போக ஆரம்பித்தன.

டீச்சர் காலைக் காப்பியை எடுத்துக்கொண்டு வயலில் போய் உட்கார்ந்து குடித்தார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவர் பின்னால் வரிசையாக வந்திருக்கிறார்கள், ஆனால் அது பெல் அடித்ததால் வந்தது. வீட்டில் எல்லோருக்கும் பின்னால் அவர் போயிருக்கிறார். தானாக, ஆசைப்பட்டு, தன் பின்னால் ஒன்று வந்தது இதுதான் முதல் தடவை. அவருக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது, அதைக் கொண்டுபோய் விட வேண்டும் என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை.

பேச்சு தானாக வந்தது. ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது விடுதிக்கு ஒரு போன்.

"என் பேரு நூலா," என்றது ஒரு பெண் குரல், கோபமே இல்லாமல். "என் வயல் ஒங்ககிட்ட இருக்குன்னு சொன்னாக. நல்லா இருக்கா?"

"நல்லா இருக்குக்கா," என்றார் டீச்சர், குற்ற உணர்ச்சியோடு.

"சந்தோசம். ஊர் சுத்தட்டும், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா என் வாசக்கதவைத் தொறந்தா இப்ப வெறும் பாறைதான் இருக்கு, ஏணி போட்டு எறங்கிக்கிட்டு இருக்கேன். அதுகூடப் பரவாயில்ல. நாளைக்கும் நாளன்னைக்கும்தான் வெயில் அடிக்கும்னு ரேடியோவுல சொல்லுதான். புல்லு அறுக்க ஆளு சொல்லியாச்சு. இந்த வெயில விட்டா மழைல புல்லு அழுகிரும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குளிர்காலத்துல போட ஒண்ணும் இருக்காது, வித்துரத்தான் வேணும். எனக்கு இருக்கிறது இந்த ஒரு வயல்தான் தாயி."

டீச்சர் போனை வைத்துவிட்டு, எதிரே படுத்திருந்த வயலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குக் காலைல கெளம்புவோம்," என்றார்.

காலையில் போலீஸ் சார்ஜெண்ட் டொனாக் வந்து நின்றார். முதல் நாள் ஒரு சுற்றுலா பஸ் தெரியாமல் வயலுக்குள் போய், கேட் எது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வந்திருந்தது.

"அண்ணாச்சி, வாகனத்தை விட நீளமா ஒண்ணு பின்னாடி வந்தா அதுக்குச் சட்டம் இருக்கு. அது மேல ஒரு ஆள் செவப்புத் துணியோட உக்காந்து வரணும்."

"வரும்போது அப்படி வரலியே?"

"அப்ப எனக்குத் தெரியாது. தெரியாததுக்குச் சட்டம் கெடையாது."

மாடக்கண்ணு யோசிக்கவே இல்லை. "சண்முகம், நீ வயல்ல உக்காரு. நான் ஓட்டுதேன்," என்றார். டீச்சர் ஒரு சிவப்புத் துண்டோடு போய் முள்மரத்தடியில் உட்கார்ந்தார். கார் நகர்ந்தது, வயல் நகரவில்லை. யாரைத் தேடிப் பின்னால் வந்ததோ அவரே மடியில் வந்து உட்கார்ந்திருக்கும்போது அது எதற்கு எழுந்து நடக்க வேண்டும்? பிரீடா உட்கார்ந்து பார்த்தார், வயல் அவரை மெதுவாகச் சரித்து ரோட்டோரம் இறக்கிவிட்டது. சார்ஜெண்டை அவ்வளவு மெதுவாக இறக்கவில்லை. தன் மேல் உட்கார்ந்து தின்னாதவர்களை அது தூக்கிக்கொண்டு நடக்காது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அதன் மேல் சோறு தின்றவர்கள் உலகத்தில் இரண்டே பேர், அதில் ஒருவர் காரில் இருந்தாக வேண்டும்.

ஊர் முழுக்க மாடக்கண்ணுவைப் பார்த்தது.

"அப்ப நாந்தான் ஓட்டணும்," என்றார் டீச்சர்.

"இந்த ரோட்லயா? நீயா? பக்கத்துல ஆளு இல்லாமலா?"

"பக்கத்துல நீங்க இல்லைன்னாதான் ஓட்டுவேன்."

அதைச் சத்தமாகச் சொல்லவில்லை, வீட்டில் உப்பு இல்லை என்று சொல்வதைப்போலத்தான் சொன்னார். மாடக்கண்ணுவுக்கு அந்தத் தெருமுனைப் பிள்ளையார் கோவிலும், சாவியை விட்டுவிட்டு நடந்து போன முதுகும் ஞாபகம் வந்தது. இத்தனை வருஷமாக அவளுக்கு ஓட்டப் பயம் என்றுதான் அவர் எல்லோரிடமும் சொல்லி வந்தார், சொல்லிச் சொல்லி நம்பியும் விட்டார். சாவியை எடுத்து நீட்டினார்.

அப்படித்தான் மாடக்கண்ணு இரண்டு ஆடுகளுக்கு நடுவே சிவப்புத் துண்டைப் பிடித்துக்கொண்டு வயல் மேல் ஊர்வலம் போனார். முன்னால் அவர் மனைவி முதல் கியரில் இருந்து இரண்டாவதுக்கு மாற்றினார், கார் ஒரு குலுங்கு குலுங்கியது. "கிளட்ச்! கிளட்ச்!" என்று வயல் மேலிருந்து மாடக்கண்ணு கத்தினார். ஆடுகள்தான் பதில் சொல்லின. முதல் வளைவு வந்தது, எதிரே ஒரு டிராக்டர், அவர் வலது கால் தானாகப் புல்லை ஓங்கி அமுக்கியது.

வயல் நின்றுவிட்டது. பாவம், அதற்கு என்ன தெரியும், மேலே இருப்பவர் அமுக்கினால் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டது. ஆடுகள் இரண்டும் அவர் மேல் வந்து விழுந்தன. கார் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. டீச்சர் டிராக்டருக்கு அளவாக இடம் விட்டு, ஒரு விரலைத் தூக்கி வணக்கம் வைத்துவிட்டுப் போனதை மாடக்கண்ணு ஆட்டுக்கு அடியில் இருந்து பார்த்தார். அடுத்த வளைவிலும் அமுக்கினார், அடுத்ததிலும் அமுக்கினார், ஒவ்வொரு தடவையும் வயல் நின்றது, ஒவ்வொரு தடவையும் காருக்கும் வயலுக்கும் நடுவே தூரம் கூடியது. ஒரு முச்சந்தியில் கார் எந்தப் பக்கம் போனது என்றே தெரியவில்லை. வயல் அங்கே நின்று, கூட்டத்தில் அம்மா கையை விட்ட பிள்ளை மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முள்மரத்தைத் திருப்பியது. சுவரில் இருந்து ஒரு கல் விழுந்தது, இன்னொன்று விழுந்தது. மேற்கே மேகம் இருந்தது. இங்கே காரைத் தொலைத்துவிட்டால் நூலாவுக்கு வயல் இல்லை, சண்முகத்துக்கு இனி ஒருநாளும் ஸ்டியரிங் இல்லை, இரண்டும் தன் ஒரு காலால் என்று மாடக்கண்ணுவுக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் செருப்பைக் கழற்றினார். இரண்டு காலையும் மடக்கி, பந்தியில் உட்காருகிற மாதிரி அழுத்தமாகச் சம்மணம் போட்டு, அதன் மேல் துண்டைச் சுற்றி முடிச்சும் போட்டுக்கொண்டார். "போ தாயி," என்றார் வயலிடம், "அவ போன பக்கம் ஒனக்குத் தெரியும்." வயல் போயிற்று, கார் தெரியும் வரை ஓடியே போயிற்று.

கடைசிச் சந்துக்குள் எதிரே ஒரு பால் டேங்கர் வந்து நின்றது. இரண்டு பக்கமும் சுவர், ஒதுங்க இடமில்லை, யாராவது ஒருவர் பின்னால் போக வேண்டும். டேங்கர் பின்னால் போகாது. காரின் பின்னால் ரிவர்ஸ் வெள்ளை விளக்கு எரிந்ததைப் பார்த்ததும் மாடக்கண்ணுவின் கால் துண்டுக்குள் துடித்தது. அவர் ஒரு ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். டீச்சர் தலையைத் திருப்பி, நேராக அந்த வயலின் கேட்டைப் பார்த்து, அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தார். வயலும் அவர் வர வரப் பின்னால் போனது. சுவரில் ஒரு உரசல் இல்லை. பழைய சுண்ணாம்புக் காளவாசல் பக்கம் கொஞ்சம் அகலம் இருந்தது, அதில் காரை ஒதுக்கினார், வயலும் சுவர்களை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்தில் ஒதுங்கியது. டேங்கர் டிரைவர் போகும்போது காருக்கு ஒரு விரலும் வயலுக்கு ஒரு விரலும் தூக்கினார். கண்ணைத் திறந்த மாடக்கண்ணு, "நான் சொல்லிக்கொடுத்தவன் ஒருத்தனும் இப்படி எடுக்க மாட்டான்," என்று ஆட்டிடம் சொன்னார். ஆடு அதை மறுக்கவில்லை.

நூலாவின் வீட்டுக்கு முன்னால் வெறும் பாறைக்குழி, அதில் ஏணி, ஏணியின் உச்சியில் கோழி. வயல் ஒருமுறை சுற்றிவிட்டு, உடம்பைத் தளர்த்தி, தன் இடத்தில் உட்கார்ந்தது. அறுக்க வந்தவர்கள் கேட்டைத் திறந்தார்கள். டீச்சர் வயலைத் தடவிக் கொடுத்துவிட்டுக் காரை எடுத்தார், எடுத்ததும் வயலின் ஒரு மூலை மெதுவாக எழுந்தது.

டீச்சர் இறங்கினார். "அக்கா, நீங்க மத்தியானம் என்ன சாப்பிடுவீங்க?"

"உருளைக்கெழங்குதான். வேறென்ன?"

"கொண்டாங்க. நீங்க சாப்பிடுததுக்கு முன்னாடி மொதல்ல இங்க வைங்க."

நூலா வெண்ணெய் உருகும் ஒரு கிழங்கை எடுத்துவந்து சுவர் மேல் வைத்தார். கூச்சப்பட்டுக்கொண்டே, அந்த ஊர் வாயால், கா கா என்று கூப்பிட்டார். ஸ்வெட்டர் போட்ட காக்கா நடந்து வந்தது. எழுந்த மூலை கீழே இறங்கியது, ஒரு பெருமூச்சு மாதிரிக் காற்று புல் மேல் போனது, அதற்கப்புறம் அது அசையவில்லை. டீச்சர் அழுதார். அது நல்லதற்குத்தான் என்று தெரிந்தும் அழுதார்.

மாடக்கண்ணு காரைச் சுற்றிக்கொண்டு வந்தார். வலது பக்கக் கதவு வரை வந்தவர், நின்று, அப்படியே நடந்து இடது பக்கம் போய் ஏறி, சீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். விமான நிலையம் வரைக்கும் அப்படியே வந்தார்.

கோவில்பட்டிக்கு வந்த மறுவாரமே வீட்டுக் காரில் இருந்த அந்த இடது பக்க பிரேக்கைக் கழற்றச் சொன்னார். மெக்கானிக் ஏன் அண்ணாச்சி என்று கேட்டதற்கு, சும்மா கால் வலிக்கிறது என்றார். இப்போதும் சாயங்காலங்களில் எட்டயபுரம் ரோட்டில் அந்தக் காரைப் பார்க்கலாம். ஓட்டுவது டீச்சர், எதிரே வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் ஸ்டியரிங்கில் இருந்து ஒரு விரல் தூக்குவார். போன வாரம் ஒரு லாரிக்காரர் அதைப் பார்த்துவிட்டு, திடுக்கிட்டு ஓரங்கட்டி இறங்கி, குனிந்து குனிந்து எல்லா டயரையும் உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். டீச்சர் காரை நிறுத்தினார். சம்மணம் கலையாமல் மாடக்கண்ணு ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல தம்பி, நல்லாத்தான் இருக்கு," என்றார். "டீச்சர் வணக்கம் சொன்னாக."